மகனின் ஒப்பந்தத்தைக் காட்டிக் கடன் வாங்கலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, என் மகனுக்கு 21 வயது. ஐந்து வயதில் இங்கே கனடாவின் மார்க்கம் அரங்கில் ஸ்கேட்ஸ் கட்டியவன். இந்த வசந்தத்தில் ஐஸ் ஹொக்கியின் முதன்மை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் ஓர் அமெரிக்க அணி அவனுடன் மூன்று வருட ஒப்பந்தம் செய்தது. மேல் அணியில் ஆடினால் வருடத்துக்கு 850,000 அமெரிக்க டொலர். அதற்கு அடுத்த படி லீக்கான ஏ.எச்.எல்.லின் கீழ் அணியில் ஆடினால் 80,000. எங்கே ஆடினாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கென்று வருடாவருடம் 90,000 கையெழுத்துப் பணம். மொத்தம் 2.8 மில்லியன் என்று உறவினர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இருபது வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். என் மைத்துனர் தனியாரிடம் கடன் கொடுக்கும் ஒருவரை அறிமுகம் செய்திருக்கிறார். அவர் ஒப்பந்தத்தைக் காட்டினால் 400,000 டொலரை 12 சதவீத வட்டிக்குத் தரத் தயாராக இருக்கிறார். மகன் ஊரில் இருக்கமாட்டான் என்பதால் அவனுடைய அற்றோர்னித் தத்துவத்தை (அவன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தை) என் பெயருக்கு எழுதச் சொல்கிறார். செய்யலாமா? இன்னொன்று: ஜூலை முதலாம் திகதி அந்த அணி வெளியிலிருந்து இரண்டு விங்கர்களை (பக்கவாட்டில் ஆடும் முன்கள வீரர்களை) எடுத்திருக்கிறது. என் மகனும் விங்கர். அவனை வேண்டாம் என்கிறார்களா?

பெயர் வெளியிட விரும்பாத தந்தை, மார்க்கம்

கணக்காளரின் பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மகனுக்கும், அவனை இத்தனை வருடம் பனியில் ஏற்றி இறக்கிய உங்கள் குடும்பத்துக்கும் என் வாழ்த்துகள். இந்த நாட்டில் ஒரு பிள்ளையை ஹொக்கியில் இந்த இடத்துக்குக் கொண்டுவர எவ்வளவு பணமும் எத்தனை விடிகாலைகளும் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வளைக்காமல் சொல்கிறேன். அற்றோர்னித் தத்துவம் எழுதி வாங்காதீர்கள். அந்தக் கடனைத் தொடாதீர்கள். இந்தக் கோடையில் மகனின் பணத்தில் வீடு வாங்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

காரணம் சொல்ல ஜாக் ஜோன்சன் என்ற பின்கள வீரரின் கதையை எடுத்துக்கொள்கிறேன். 2011-இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணியுடன் ஏழு வருடத்துக்கு 30.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தவர். மூன்று வருடம் கழித்து, 2014 ஒக்ரோபரில், ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தார். மனுவில் அவர் காட்டிய சொத்து 50,000 டொலருக்கும் குறைவு. கடனோ 10 மில்லியனுக்கு மேல். அவர் சூதாடவில்லை, பணத்தை வாரி இறைக்கவும் இல்லை. தன் பணத்தைக் கவனிக்கும் அதிகாரத்தைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். வரப்போகும் சம்பளத்தைக் காட்டி, அவர் பெயரில், அதிக வட்டிக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கடன் எடுக்கப்பட்டது. ஒரு கடனின் தவணையைக் கட்ட அடுத்த கடன் வந்தது. அதன்பின் வந்த வருடங்களில் அவருடைய சம்பளத்தில் பெரும்பங்கு கடன்காரர்களுக்கே போனது. ஒவ்வோர் இரவும் பனியில் இறங்கி அடி வாங்கி ஆடிக்கொண்டிருந்தவர், தான் உழைத்த பணத்தைக் கண்ணால் காணவில்லை.

உங்களை அந்தப் பெற்றோருடன் ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் பேராசை இல்லை. இருபது வருட வாடகை வீட்டின் களைப்புத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் பத்திரங்கள் இரண்டும் அவர் கதையில் இருந்த அதே பத்திரங்கள்: பெற்றோருக்கு அதிகாரம், எதிர்காலச் சம்பளத்துக்குக் கடன். நல்ல மனதுடன் போட்ட கையெழுத்துக்கும் வட்டி ஒன்றுதான்.

இனி அந்த 2.8 மில்லியன். அது எல்லாம் சரியாக நடந்தால் எட்டக்கூடிய உச்சம். மகன் மூன்று வருடத்தின் ஒவ்வொரு நாளும் மேல் அணியில் இருந்தால் மட்டும் வரும் தொகை. ஒப்பந்தம் அவனுக்கு உறுதியாகத் தருவது வேறு. மூன்று வருடமும் கீழ் அணியிலேயே ஆடினால் சம்பளம் 240,000, கையெழுத்துப் பணம் 270,000. வரிக்கு முன் மொத்தம் 510,000. இரண்டு தொகைகளுக்கும் இடையில் எங்கே நிற்பான் என்பது நாள் கணக்கில் தீர்மானமாகும். என்.எச்.எல். பருவம் ஏறக்குறைய 190 நாட்கள். மேல் அணிப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்கு 4,500 டொலர் அளவில் சேரும். கீழே அனுப்பிய நாளுக்கு 420 டொலர். காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் அன்றைய கூலி பத்தில் ஒரு பங்காகிவிடும்.

அந்தக் கூலியும் முழுதாகக் கைக்கு வராது. மேல் அணிச் சம்பளத்திலிருந்து எஸ்குரோ என்று ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். லீக்கின் ஹொக்கி வருமானத்தை முதலாளிகளும் வீரர்களும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வது ஏற்பாடு. வீரர்களுக்குப் பாதியைவிடக் கூடுதலாகப் போய்விட்டால் அந்தப் பிடிப்பிலிருந்து சரிக்கட்டுவார்கள். கொரோனாவுக்குப் பிந்திய 2020-21 பருவத்தில் அந்தப் பிடிப்பின் எல்லை 20 சதவீதம். பிறகு முகவரின் பங்கு இருக்கிறது. பிறகு வரி. உங்கள் மகன் ஒன்ராரியோ வாசியாகவே கணிக்கப்பட்டால், அவன் உலகில் எங்கே உழைத்தாலும் கனடா கணக்குக் கேட்கும். இங்கே உச்ச வரி விகிதம் 53.53 சதவீதம். அமெரிக்காவில் கட்டியதற்குக் கழிவு உண்டு, ஆனால் வித்தியாசத்தை இங்கே கட்ட வேண்டும். அதோடு, ஆடப் போகும் மாநிலங்களில் பலவும் அங்கே ஆடிய நாட்களுக்கு வரி கேட்கும். கையெழுத்துப் பணத்துக்கு இரு நாடுகளுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தில் தனி விதி இருக்கிறது. டொரொன்ரோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸின் வீரர் ஜோன் தவாரஸ் 2018-இல் பெற்ற கையெழுத்துப் பணம் பற்றிக் கனடா வருமானவரித் துறையுடன் நீதிமன்றம் வரை போயிருக்கிறார். அவரைச் சுற்றி நின்ற ஆலோசகர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். அப்படிப்பட்டவருக்கே சிக்கல் வந்த இடத்தில், வந்த 90,000-ஐ அப்படியே வீட்டு முற்பணமாக எண்ணுவது ஆபத்து. அதில் பாதியை வரிக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அது தன்னுடையது அல்ல என்று மகன் நினைத்துக்கொள்ளட்டும்.

சம்பளம் பருவகாலத்தில்தான் வரும், மாதம் இருமுறை. கோடை மாதங்களில் சம்பளம் இல்லை. ஆனால் செலவு அப்போதுதான் கூடும்: பயிற்சியாளர், ஐஸ் வாடகை, உணவு, சொந்தக் காப்புறுதி. கைக்காசு வற்றும் அந்த நேரத்தில்தான் கடன்காரர்களும் வருகிறார்கள். உங்கள் மைத்துனரின் நண்பர் ஜூலையில் வந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

இப்போது அந்தக் கடனை மகனின் கீழ் அணிச் சம்பளத்துடன் வைத்துப் பாருங்கள். 400,000 டொலருக்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 48,000 டொலர் வட்டி. முதல் அப்படியே நிற்கும். கீழ் அணியில் அவன் சம்பளம் வரிக்கு முன் 80,000. வரி, முகவர், வேற்று ஊரில் வாடகை எல்லாம் போனபின் வட்டி கட்டவே அந்தச் சம்பளம் போதாது. வீட்டு அடமானத் தவணையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அவன் மேல் அணியில் இருப்பானா என்று நீங்கள் கேட்டதற்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. இரண்டு விங்கர்களை எடுத்ததை அவன்மீதான தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். கோடையில் அணிகள் செய்வது பெரும்பாலும் கணக்கு. ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025-26 பருவத்துக்கு அது 95.5 மில்லியன். நம் மேப்பிள் லீஃப்ஸில் ஒஸ்ரன் மத்யூஸுக்கு 13.25, வில்லியம் நைலாண்டருக்கு 11.5. இந்த இருவருக்கே அந்தப் பருவ உச்சவரம்பின் கால்பங்கு போய்விட்டது. மிச்சத்தை வைத்து இன்னும் இருபது பேருக்குமேல் எடுக்க வேண்டும். எல்லா அணிகளுக்கும் ஏறக்குறைய இதே இடுக்கண்தான். எனவே மலிவான வீரர்கள் தேவை. அந்தத் தேவைதான் உங்கள் மகனுக்குக் கதவு திறந்தது.

ஆனால் அதே கணக்கு அவனுக்கு எதிராகவும் திரும்பும். பல ஆட்டங்கள் கண்ட மூத்த வீரர் ஒருவர் 2025-26 பருவத்தின் குறைந்தபட்சச் சம்பளமான 775,000-க்குக் கிடைக்கிறார். உங்கள் மகன் மேலே இருந்தால் கையெழுத்துப் பணத்தையும் சேர்த்து உச்சவரம்பில் 940,000 இடம் பிடிக்கிறான். வரம்பை ஒட்டி நிற்கும் அணிக்கு அந்த 165,000 வித்தியாசம் பெரியது. கோடையில் அணிகள் வரம்பை 10 சதவீதம் தாண்டி இருக்கலாம். பருவம் தொடங்கும் நாளில் உள்ளே வந்துவிட வேண்டும். அதனால் செப்ரெம்பர் கடைசியில் பட்டியலிலிருந்து ஆட்களை இறக்குவார்கள். இறக்கும்போது முதலில் யாரைப் பார்ப்பார்கள்? மூத்த வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் வேவர்ஸ் என்ற வழியாக அனுப்ப வேண்டும், மற்ற அணிகள் அவரை இலவசமாகத் தூக்கிக்கொண்டு போகலாம். புதிதாக ஒப்பந்தமான இளைஞனுக்கு முதல் சில வருடங்கள் அந்தத் தொல்லை இல்லை. அவனை எத்தனை முறையும் இறக்கலாம், ஏற்றலாம், யாரும் பறிக்க முடியாது. எனவே பருவத்துக்கு முந்திய பயிற்சி முகாமில் இருவரும் சமமாக ஆடினாலும் இறங்குவது பெரும்பாலும் இளையவன்தான். அவன் நன்றாக ஆடவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இதை அவனுக்கு இப்போதே எடுத்துச் சொல்லுங்கள். ஒக்ரோபரில் கீழே அனுப்பும்போது மனம் உடைந்து போகாமல் இருக்க உதவும். யாராவது காயப்பட்டால் முதலில் மேலே அழைக்கப்படுபவனும் அவனாக இருக்கலாம்.

ஒரு வீரரின் மதிப்பைக் கோடை எவ்வளவு மாற்றும் என்பதற்குத் தவாரஸையே மறுபடி பாருங்கள். ஏழு வருடம் சராசரி 11 மில்லியன். 2025 கோடையில் அதே அணியுடன் நான்கு வருடத்துக்குக் கையெழுத்திட்டார், ஏறக்குறைய 4.4 மில்லியனுக்கு. அவர் ஊரிலேயே இருக்க விரும்பி இறங்கி வந்தார். ஜாக் ஜோன்சனுக்கு அந்தத் தெரிவுகூட இருக்கவில்லை. 2018 கோடையில் பிற்ஸ்பேர்க் அணி அவருக்கு ஐந்து வருடம், சராசரி 3.25 மில்லியன் கொடுத்தது. கடனிலிருந்து எழுந்து வந்தவருக்குப் பெரிய மீட்சி. இரண்டே வருடத்தில், 2020 ஒக்ரோபரில், மிச்ச ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துவிட்டார்கள். 26 வயதோ அதற்கு மேலோ ஆனவரிடம் இப்படி ஒப்பந்தத்தை வாங்கி முடித்தால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கொடுப்பார்கள், அதையும் மீதி வருடங்களைப் போல் இரு மடங்கு காலத்துக்கு நீட்டி. உதாரணமாக, மூன்று வருடம், வருடத்துக்கு 3 மில்லியன் மிச்சம் இருந்தால், கிடைப்பது வருடம் ஒரு மில்லியன் வீதம் ஆறு வருடம். 26 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான். ஜோன்சன் அடுத்த வருடம் நியூயோர்க் ரேஞ்சர்ஸில் 1.15 மில்லியனுக்கு ஆடினார். அதற்கடுத்த வருடம் கொலராடோவில் ஒப்பந்தமே இல்லாமல் முகாமுக்குப் போய், அப்போதைய குறைந்தபட்சமான 750,000-க்கு இடம் பிடித்தார். 2022 ஜூனில் அந்த அணியுடன் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கினார். அவருடைய மனவலிமையை நான் மதிக்கிறேன். ஆனால் 3.25 மில்லியன் என்று நம்பி யாரிடமாவது மறுபடி கடன் பட்டிருந்தால் அந்த 750,000-இல் மூழ்கியிருப்பார்.

தாங்களே விரும்பிக் கடன் பட்டவர்களும் இருக்கிறார்கள். சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் இவாண்டர் கேன் 2018-இல் ஏழு வருடத்துக்கு 49 மில்லியன் ஒப்பந்தம் செய்தவர். 2021 ஜனவரியில் 26 மில்லியனுக்கு மேல் கடன் என்று வங்குரோத்து மனுப் போட்டார். சூதாட்டத்தில் ஒரு வருடத்தில் 1.5 மில்லியன் இழந்ததாக அவரே எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் வங்கிகளும் இருந்தன, வரப்போகும் சம்பளத்தை நம்பித்தான் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் அணி அந்த ஒப்பந்தத்தையே முறித்தது. ஒப்பந்தம் போனால் கடனும் கூடவே போய்விடாது.

உங்கள் மைத்துனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் வந்திருக்க மாட்டார். ஆனால் ஹொக்கி வீரர்களை ஏமாற்றியவர்கள் பெரும்பாலும் அறிமுகத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். பில் கென்னர் என்ற நிதி ஆலோசகர் கல்லூரியில் ஹொக்கி ஆடியவர், கூட ஆடிய ஒருவர் என்.எச்.எல்.லுக்குப் போக, அவர் வழியாக மற்ற வீரர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஹவாயில் நிலம் என்றார். வீரர்கள் பெயரில் வங்கிக் கடன் வரம்பு திறந்து அந்தப் பணத்தை எடுத்தார். 2015-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 2020-இல் 17 வருடச் சிறை கிடைத்தது. அவரை நம்பியவர்களில் பலர் நல்ல சம்பளம் வாங்கிய, விவரம் தெரிந்த வீரர்கள்.

நம் மாகாணத்தில் பாரி சவுண்டில் பிறந்த பொபி ஓரைவிடப் பெரிய பின்கள வீரர் இல்லை என்பார்கள். அவர் முகவர் அலன் ஈகிள்சனை அண்ணனைப் போல் நம்பினார். ஈகிள்சன் அவருக்கு மட்டும் முகவர் அல்லர், வீரர் சங்கத்தின் நிர்வாக இயக்குநரும் அவரே. 1976 கோடையில் பொபி ஓர் பொஸ்ரன் அணியை விட்டுச் சிக்காகோ போனார். பொஸ்ரன் அணி தன் உரிமையில் 18.5 சதவீதத்தையே அவருக்குத் தர முன்வந்தது என்பதை அப்போது அவர் அறியவில்லை. ஆட்டத்தை விட்டபோது கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஈகிள்சன் 1998-இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை போனார். ஒரே மனிதர் முகவர், கணக்காளர், முதலீட்டாளர், குடும்ப நண்பர் எல்லாமாக இருந்தால் அவரை யார் சரிபார்ப்பது? உங்கள் வீட்டில் அந்த இடத்தில் தந்தையே இருந்தால் சரிபார்க்கும் துணிவு மகனுக்கு இன்னும் குறைவாக இருக்கும். நம் வீடுகளில் அப்பாவிடம் கணக்குக் கேட்கும் பிள்ளை எத்தனை?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வங்கிக் கணக்கு மகன் பெயரில் மட்டும் இருக்கட்டும். அறிக்கை அவன் தொலைபேசிக்கு வரட்டும், மாதம் ஒருமுறை அவனே உட்கார்ந்து படிக்கட்டும். புரியாததை உங்களிடமோ கணக்காளரிடமோ கேட்கட்டும். முகவர், வரிக் கணக்காளர், முதலீட்டு ஆலோசகர் மூவரும் மூன்று வேறு இடங்களில், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும். பணம் ஆலோசகரின் கையில் இருக்கக்கூடாது, வங்கியில் இருக்க வேண்டும். அவன் ஊரில் இல்லாதபோது ஏதேனும் ஒரு காரியத்துக்குக் கையெழுத்துத் தேவைப்பட்டால், அந்த ஒரு காரியத்துக்கும் அந்தத் திகதிக்கும் மட்டும் செல்லும் தத்துவத்தைச் சட்டத்தரணியிடம் எழுதலாம். ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால், ஒன்ராரியோவில் அதை எழுத்தில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ரத்துச் செய்யலாம். தயங்க வேண்டாம்.

வீடு பற்றிய உங்கள் ஆசை நியாயமானது. மகன் அதை உங்களுக்குச் செய்ய விரும்பினால், வரி கட்டிய பின் அவன் கணக்கில் நிற்கும் பணத்திலிருந்து, அவனே கணக்குப் பார்த்து, அவன் விரும்பும் தொகையைக் கொடுக்கட்டும். கனடாவில் காசாகக் கொடுக்கும் அன்பளிப்புக்கு நீங்கள் வரி கட்டத் தேவையில்லை. முதல் வருடம் கொடுக்க ஒன்றும் இல்லாமலும் போகலாம். அதைச் சொல்லும் உரிமை அவனுக்கு இருக்க வேண்டும், அதைக் கேட்டு முகம் வாடாமல் இருக்கும் பொறுப்பு உங்களுக்கு. நீங்கள் அவனுக்குச் செலவழித்ததைக் கடனாக எண்ணி அவன் ஆடத் தொடங்கினால், அந்தச் சுமை ஒவ்வோர் ஆட்டத்திலும் அவன் காலில் இருக்கும்.

மைத்துனரிடம் நீங்களே பேசுங்கள், மகனைப் பேச விடாதீர்கள். கணக்காளர் வேண்டாம் என்றார் என்று என்மீதே பழியைப் போடுங்கள். செப்ரெம்பர் முகாமுக்கு அவன் புறப்படுமுன் இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் அவனைத் தனியாக அனுப்புங்கள். ஒப்பந்தப் பிரதி, கையெழுத்துப் பணம் வந்த ரசீது, போன வருட வரி அறிக்கை மூன்றையும் எடுத்துப் போகட்டும். எந்த நாட்டின் வாசியாக இந்த வருடம் கணிக்கப்படுவேன் என்பதுதான் அவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கையெழுத்துப் பணத்தில் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது இரண்டாவது.